வயல் வாடியில் விருந்தினர்: கமக்காரருக்கு ஒரு துணை வருவாய்

நெல்வயலின் மேட்டிலே கட்டப்படும் சிறு குடிலை அறியாத கமக்காரர் இலர். கிழக்கு மாகாணத்தில் இது வாடி எனப்படும். வடக்கிற் காவற்கொட்டில் என்பர். மரத்தின் மீதோ உயர்ந்த கால்களின் மீதோ அமைந்தால் அது பரண் ஆகும். முன்னாளில் விதைப்புத் தொடங்கி, சூடடித்த நெல் வீடு வந்து சேரும்வரை கமக்காரர் இங்கேயே இராத்தங்கிப் பன்றிக்கும் பறவைக்கும் காவல் இருந்தனர். அறுவடை நாட்களிற் குடும்பத்தவர் யாவரும் வாடிக்கு வந்து, அங்கேயே சமைத்து உண்டு உறங்குவதும் வழக்கமாயிருந்தது.

இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிய அன்றே நெல் சாக்கிற் சேர்கின்றது. ஆதலின் வாடியின் தேவை குறைந்துவிட்டது. பல வாடிகள் ஆண்டின் பெரும்பகுதி ஆளின்றிக் கிடக்கின்றன. சில கூரை சிதைந்து கறையானுக்கு இரையாகின்றன.

இதே வேளையில், அண்மையிலுள்ள நகரங்களில் வாழும் குடும்பங்கள் விடுமுறையில் இரண்டு நாள் ஓய்ந்திருக்க இடந் தேடுகின்றன. தூர இடத்துக்குச் செல்லப் பயணச் செலவு மிகுதி. விடுதிக் கட்டணமும் மிகுதி. இக்குடும்பங்களிற் பலவற்றின் பாட்டனார் கமக்காரரே. ஆயினும் பேரப்பிள்ளைகள் நெற்கதிரைக் கையாற் தொட்டதில்லை. மட்டக்களப்பு நகரிலிருந்து வாவியைக் கடந்தால் படுவான்கரை வயல்கள் தொடங்கிவிடும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் இப்பயணம் மேலும் எளிதாயிற்று. யாழ்ப்பாண நகரத்தவருக்கு வலிகாமத்துத் தோட்டங்களும், மன்னார் நகரத்தவருக்குக் கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள வயல்களும் அவ்வாறே அண்மையில் உள்ளன.

வெறுமையாய்க் கிடக்கும் வாடியையும், இடந் தேடும் குடும்பத்தையும் ஒன்று சேர்த்தாற் கமக்காரருக்குச் சிறிது துணை வருவாய் கிடைக்கும். அதனை எவ்வாறு செய்வது, எங்கே தவறு நேரும் என்பவற்றை இப்பிரசுரம் விளக்குகின்றது.

1. துணைத் தொழில் துணையாகவே இருத்தல் வேண்டும்

கமத்தில் விருந்தினரைத் தங்கவைக்கும் முறை பிறநாடுகளிலும் உண்டு. இத்தாலி நாட்டில் 1985 ஆம் ஆண்டு இதற்கெனத் தனிச் சட்டமொன்று இயற்றப்பட்டது. விருந்தினரை ஏற்கும் கமத்திலே பயிர்ச்செய்கையும் கால்நடையுமே தலைமைத் தொழிலாக நிற்றல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. அங்கே விருந்தினர் தேடி வருவது கட்டிடத்தை அன்று. உயிரோடு நடைபெறும் கமத்தையே.

நமது கமக்காரரும் இதனை முதலிலே மனத்திற் பதித்தல் வேண்டும். நீர் பாய்ச்ச வேண்டிய நாளில் விருந்தினரோடு பேசிக்கொண்டிருப்பவரும், பசளையிட வைத்த பணத்தை வாடிக்குப் பூச்சுப் பூசச் செலவிடுபவரும் இரண்டிலும் நட்டமடைவர். வாடி கமத்துக்கு உதவவேண்டுமேயன்றிக் கமம் வாடிக்கு உழைத்தல் தகாது.

2. ஏற்ற இடங்களும் ஏலாத இடங்களும்

வயலோர மேட்டிலுள்ள வாடி, தோட்டத்து நடுவிலுள்ள மண்சுவர்க் கொட்டில், பனையோலை வேய்ந்த பழைய வீடு ஆகியவை குடும்பம் தங்குவதற்கு ஏற்றவை. பரண் பார்ப்பதற்கு அழகானது; ஆயின் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதன்று. பகலில் ஏறி வயலைப் பார்ப்பதற்கு மட்டும் அதனைப் பயன்படுத்தலாம். அப்போதும் மூன்றரை அடிக் கைபிடி வேலியும், ஆடாத ஏணியும், பெரியவர் ஒருவரின் துணையும் இருத்தல் வேண்டும்.

யானை நடமாடும் காட்டோரக் கிராமங்களில் இம்முயற்சியை மேற்கொள்ளற்க. படுவான்கரையிலும் வன்னியிலும் அத்தகைய கிராமங்கள் பல உண்டு. நெல்லின் மணத்தையும் உப்பின் மணத்தையும் நாடி வரும் யானைக்கு மண்சுவர் ஒரு தடையாகாது. கமக்காரர் தம் உயிரைப் பணயம் வைத்துக் காவல் இருக்கும் இடத்திற் பிறர் குழந்தையை உறங்க வைப்பது முறையன்று. வன்னியிற் கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத நிலத்துக்கு அருகேயும் விருந்தினரை அழைத்துச் செல்லலாகாது.

மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் உள்ள குடில்களுக்கு வேறொரு கவனம் வேண்டும். நுவரெலியாப் பகுதியிற் தை, மாசி மாதங்களில் உறைபனி விழுவதுண்டு. குளிருக்காக மூடிய அறையிற் கரிச்சட்டி வைத்து உறங்குவது உயிருக்கு ஆபத்து. கரி எரியும்போது எழும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, உறங்குபவர் விழிக்கமாட்டார். தடித்த போர்வைகளையே கொடுத்தல் வேண்டும்.

3. காலத்தைத் தெரிந்தெடுத்தல்

விருந்தினரை எப்போது அழைப்பது என்பதைப் பயிரே தீர்மானிக்கும். பாடசாலை விடுமுறைகள் வழமையாகச் சித்திரை, ஆவணி, மார்கழி மாதங்களை ஒட்டி வருகின்றன.

சித்திரை விடுமுறை பெரும்போக அறுவடை முடிந்த காலம். நெல் வீட்டில் உண்டு; வேலை குறைவு; நிலம் காய்ந்து வாகனம் செல்லும். இதுவே சிறந்த காலம். ஆயினும் சித்திரையிற் பிற்பகலில் இடிமின்னல் மிகுதி. வெட்டவெளியில் தனித்து நிற்கும் வாடி மின்னலுக்குப் பாதுகாப்பன்று. வானம் கறுத்து இடியோசை கேட்டவுடன் விருந்தினரைக் கல்வீட்டுக்கு அழைத்துக்கொள்ளல் வேண்டும். மரத்தின் கீழ் ஒதுங்க விடலாகாது.

ஆவணி விடுமுறை சிறுபோக அறுவடையை ஒட்டியது. குளத்து நீர் பாயும் வயல்களில் அறுவடையைக் காணலாம். ஆயின் கச்சானும் சோளகமும் வீசும் இக்காலத்தில் ஒரு தீப்பொறியும் வைக்கோலைப் பற்றிக்கொள்ளும். அடுப்பை வாடியிலிருந்து முப்பது அடியேனும் விலக்கி, காற்று வாடியை நோக்கி வீசாத பக்கத்தில் அமைத்திடுக.

மார்கழி விடுமுறையில் வடகீழ்ப் பருவமழை பொழியும். வரம்பு வழுக்கும், வாய்க்கால் பெருகும், பயிர் இளம் பருவத்தில் நிற்கும். அம்மாதத்தில் வடக்கிலும் கிழக்கிலும் விருந்தினரை ஏற்காதிருத்தலே நன்று.

மரக்கறித் தோட்டம் உள்ளவர்கள் காய் பறிக்கும் காலத்தைக் கணக்கிட்டு அழைக்கலாம். கத்தரி, வெண்டி, பயற்றை ஆகியவை பல வாரங்கள் தொடர்ந்து காய்ப்பதால் இதற்கு ஏற்றவை.

4. வாடியைத் திருத்துதல்

புதிய கட்டிடம் வேண்டியதில்லை. நால்வர் உறங்குவதற்குப் பன்னிரண்டு அடி நீளமும் பத்து அடி அகலமும் உள்ள குடில் போதும். பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

(அ) தரை: சுற்றியுள்ள நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, களிமண் இட்டு இறுக்கி, சாணத்தால் மெழுகுக. வெடிப்புகளை உடனுக்குடன் அடைத்திடுக.

(ஆ) சுவர்: மூன்றடி உயரம்வரை மண்சுவர், அதற்கு மேற் காற்றுப் புகும் வண்ணம் கம்புத் தட்டி. எலிப்பொந்து இருக்கலாகாது. எலி இருக்கும் இடத்தைப் பாம்பு தேடும்.

(இ) கூரை: கிடுகு, பனையோலை, இலுக்குப் புல் ஆகியவற்றுள் அவ்வூரிற் கிடைப்பது எதுவோ அதுவே நன்று. நல்ல சாய்வாக வேய்ந்து, தாழ்வாரத்தை இரண்டடி வெளியே நீட்டினாற் சுவர் நனையாது. தகரம் பகலில் வெப்பத்தைத் தரும். நகரத்தவர் தம் வீட்டிலும் அதனைக் காண்பர்.

(ஈ) படுக்கை: தரையிற் பாய் விரித்து உறங்கவிடலாகாது. இரவில் வீட்டினுட் புகுந்து, தரையிற் படுத்திருப்போரைக் கடிக்கும் நச்சுப் பாம்பினங்கள் இந்நாட்டில் உண்டு. கட்டிலும், ஓரங்களை மெத்தையின் கீழ்ச் செருகத்தக்க நுளம்பு வலையும் கொடுத்திடுக.

(உ) விளக்கு: குப்பி விளக்கு வேண்டாம். அது கவிழ்ந்து தீக்காயமுற்றோர் பலர். சூரிய ஒளியில் மின்னேற்றும் சிறு விளக்கு இரண்டும், வெளியே செல்ல மின்சூள் ஒன்றும் போதுமானவை.

(ஊ) சுற்றுப்புறம்: வாடியைச் சுற்றிப் பதினைந்து அடிக்குப் புல்லைச் செதுக்கிடுக. வைக்கோற்போர், விறகு, ஓட்டுக்குவியல் ஆகியவற்றை அப்பாலே வைத்திடுக.

5. நீரும் சுகாதாரமும்

கட்டில்லாத தோட்டக்கிணறு பிள்ளைகளுக்கு மரணக்குழி. கிணற்றைச் சுற்றி மூன்றடிக்குக் குறையாத கட்டு அமைக்கப்படாத கமத்தில் எந்தக் குடும்பத்தையும் ஏற்கற்க. வாய்க்கால், குளம், பசளைக்குழி ஆகியவற்றையும் வந்தவுடனே பெற்றோருக்கு நேரிற் காட்டிடுக.

குடிநீர் பற்றி மேலும் ஒரு விடயம் உண்டு. வலிகாமத்துச் சுண்ணக்கல் நிலத்தில், பசளை மிகுதியாக இடப்படும் தோட்டங்களுக்கு அருகேயுள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பது ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. வரம்பை மீறிய நீரிற் பால்மாவைக் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தாற் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றும். கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். கிணற்று நீரைச் சோதிப்பித்த பின்னரே விருந்தினருக்குக் கொடுத்தல் வேண்டும். கமக்காரரின் சொந்தக் குழந்தைகளும் அதே நீரையே பருகுகின்றனர் என்பதை மறக்கலாகாது.

மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்குக் குறையாத தூரத்தில் இருத்தல் வேண்டும். சுண்ணக்கல் நிலத்தில் இத்தூரமும் போதாது. அங்கே அடிப்பக்கம் மூடிய தொட்டியே தகும். இரவில் நடந்து செல்லும் பாதை துப்புரவாகவும் வெளிச்சமாகவும் இருத்தல் அவசியம்.

மலேரியா நோய் அற்ற நாடாக இலங்கை 2016 இல் உறுதிசெய்யப்பட்டது. டெங்குவோ நீங்கவில்லை. சிரட்டை, தகரப்பேணி, பழைய டயர் ஆகியவற்றில் நீர் தேங்கவிடற்க.

6. கமத்தில் உள்ள ஆபத்துக்கள்

கமக்காரருக்குப் பழகிப்போன பொருள்கள் புதியவருக்கு ஆபத்தானவை. கீழ்க்காண்பவற்றில் ஒன்றையேனும் தவறவிடலாகாது.

பூச்சிநாசினி, களைநாசினி யாவும் பூட்டிய பெட்டியில், வாடிக்கு வெளியே இருத்தல் வேண்டும். வெற்றுப் போத்தலில் நீர் வைக்கலாகாது. மருந்து தெளித்த பாத்தியிற் சிட்டையிற் குறித்த நாட்கள் கழியும்வரை எவரையும் இறக்கலாகாது, காயும் பறிக்கலாகாது. விருந்தினர் வரும் வாரத்தில் மருந்து தெளிக்க நேர்ந்தால், வருகையை ஒத்திவைப்பதே நேர்மை.

சேற்று வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலிலுள்ள சிறு காயத்தின் வழியாகவும் கிருமி உடலுட் புகும். காயம் உள்ளவரைச் சேற்றில் இறக்கற்க. வயலில் இறங்கியோர் பின்னர்க் காய்ச்சல், தசைநோவு கண்டால் வயலில் இறங்கியதை வைத்தியரிடம் சொல்லும்படி அறிவுறுத்துக. தமக்கு வேண்டிய தடுப்பு மருந்தைப் பற்றிக் கமக்காரர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம்.

பாம்பு தீண்டினாற் கடிவாயைக் கீறுதலும், உறிஞ்சுதலும், இறுகக் கட்டுதலும் தவறு. தீண்டப்பட்டவரை அசையாது வைத்து விரைவில் அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்குப் பேசினால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். அவ்விலக்கத்தையும், வாடிக்கு வரும் பாதையின் அடையாளத்தையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரிற் தொங்கவிடுக.

உழவு இயந்திரத்திற் பிள்ளைகளை ஏற்றிச் செல்வது பலர் விரும்பும் செயல். ஆயினும் அது கூடாது. சக்கரக் காப்பின் மீது இருந்த பிள்ளை வழுக்கினால் விழுவது சக்கரத்தின் கீழேயே ஆகும்.

7. உணவும் பொழுதும்

விருந்தினருக்கு நகரத்து உணவைச் சமைத்துக் கொடுக்க முயலவேண்டாம். தம் வயல் அரிசிச் சோறு, அன்று பறித்த வெண்டியும் கத்தரியும், கீரைக்கடையல், காலையிற் குரக்கன் பிட்டு, மாலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும், கிழக்கிலாயின் எருமைத் தயிர் ஆகியவை போதும். இவை யாவும் கமத்திலிருந்தோ அயலிலிருந்தோ வருவதாற் செலவு குறையும். பணமும் ஊரிலே தங்கும்.

பொழுதுபோக்கென்று தனியாக எதனையும் அமைக்க வேண்டியதில்லை. வெயில் ஏறுமுன் காய் பறித்தல், நாற்றுமேடைக்கு நீர் வார்த்தல், வாய்க்காலில் மடை திறந்து மூடுதல், மாலையில் மாடு கட்டுதல் என்பனவே பிள்ளைகளுக்குப் புதுமை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு வேலையைக் கொடுத்து, அதனைச் சரியாகச் செய்யும் முறையைக் காட்டுக. பறித்த காயை நிறுத்து, சந்தையில் அதற்குக் கமக்காரர் பெறும் விலையையும் கடையில் அவர்கள் கொடுக்கும் விலையையும் சொல்லுக. அந்த வேறுபாட்டை அறிந்து செல்லும் குடும்பம் அடுத்த முறை நேரே கமத்தில் அரிசி வாங்க வரக்கூடும்.

ஓய்வெடுக்க வந்தவரை நாள் முழுதும் அலைக்கவும் கூடாது. மாலைக்குப்பின் அவர்களைத் தனியே விட்டுவிடுக.

8. வரவு செலவுக் கணக்கு

பின்வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காகவே கொள்ளப்பட்டவை. ஒவ்வொருவரும் தத்தம் ஊர் விலைகளை இட்டுக் கணிக்க வேண்டும்.

இரண்டு ஏக்கர் வயலும் கால் ஏக்கர் மரக்கறித் தோட்டமும் உடைய குடும்பமொன்று, வாடியைத் திருத்தவும் கட்டில், வலை, விளக்கு வாங்கவும் 60,000 ரூபா செலவிட்டதெனக் கொள்வோம். ஓலைக்கூரையை ஈராண்டுக்கொருமுறை மாற்றவேண்டி வருவதால், இச்செலவை ஈராண்டுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 30,000 ரூபா ஆகும்.

நால்வர் கொண்ட குடும்பம் இரண்டு இரவு தங்குவதற்கு: உணவுப் பொருள் 6,000 ரூபா; சவர்க்காரம், சலவை, பிறசெலவு 1,000 ரூபா; சமையலும் துப்புரவும் செய்யும் இல்லத்தரசியின் இரண்டு நாட் கூலி 4,000 ரூபா. மொத்தம் 11,000 ரூபா. பெறும் கட்டணம் 16,000 ரூபாவாயின் மிகுதி 5,000 ரூபா.

எனவே, ஆண்டில் ஆறு குடும்பங்கள் வந்தபின்னரே வாடிச்செலவு மீளும். ஏழாவது குடும்பத்திலிருந்துதான் வருவாய். பன்னிரண்டு குடும்பங்கள் வந்தால் ஆண்டுக்கு 30,000 ரூபா மிஞ்சும். இதனைக் கொண்டு குடும்பம் நடத்த முடியாது. ஆனால் அடுத்த போகத்து விதைநெல்லுக்கோ பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கோ இது கைகொடுக்கும்.

இக்கணக்கில் இரண்டு விடயங்கள் கவனிக்கற்பாலன. முதலாவது, இல்லத்தரசியின் உழைப்புக்குக் கூலி இடப்பட்டமை. பலர் அதனை விட்டுவிட்டு இலாபம் பெருகியதாக எண்ணுவர். விடியுமுன் எழுந்து தோட்ட வேலையும் செய்து விருந்தினருக்கும் சமைப்பவர் அவரே. அவர் உடன்படாத வீட்டில் இதனைத் தொடங்கவே கூடாது. அக்கூலியை அவர் கையிலேயே கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, கடன். 300,000 ரூபா கடன்பட்டுச் சீமெந்து அறை கட்டுபவர், இதே மிகுதியைக் கொண்டு முதலைமட்டும் மீட்க அறுபது குடும்பங்கள் வரவேண்டும். ஆண்டுக்குப் பன்னிரண்டு வீதம் அது ஐந்து ஆண்டு. வட்டியோ அதற்குள் வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு போகம் பிழைத்தால் வயலே ஈடாகப் போய்விடும். ஆகையாற் கடன்பட்டுத் தொடங்கற்க.

9. சட்டமும் அனுமதியும்

2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, உரிய அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவதும் அதிற் கட்டிடம் எழுப்புவதும் குற்றமாகும். வாடியை மேட்டு நிலத்திலேயே அமைத்தல் வேண்டும். ஐயமிருப்பின் கமநல சேவை நிலையத்தில் முன்னரே கேட்டறிக.

கட்டணம் பெற்று விருந்தினரைத் தங்கவைக்க எண்ணுவோர் பிரதேச சபையில் விசாரித்துக்கொள்ளல் வேண்டும். 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, வீடுகளில் விருந்தினரை ஏற்போரைப் பதிவு செய்கின்றது. வருவோரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிவைப்பது நல்வழக்கம்.

10. முதல் விருந்தினர்

வாடி திருந்தியவுடன் வெளியாரை அழைத்தல் தகாது. கமக்காரர் தம் மனைவி மக்களோடு இரண்டு இரவு அங்கே தங்கிப் பார்த்தல் வேண்டும். கூரை எங்கே ஒழுகுகின்றது, இரவில் எப்பக்கம் காற்று வீசுகின்றது, மலசலகூடப் பாதையிற் பிள்ளைக்கு அச்சம் தோன்றுகின்றதா, காலையில் நீர் எடுக்க எவ்வளவு நேரம் செல்கின்றது என்பன அப்போதே தெரியவரும். கண்ட குறைகளை எழுதித் திருத்திய பின்னரே பிறரை அழைத்திடுக.

இதனால் மற்றொரு நன்மையும் உண்டு. விடுமுறை என்பது நகரத்தவருக்கு மட்டும் உரியதன்று. ஆண்டு முழுதும் வயலோடு போராடும் குடும்பம், அறுவடை முடிந்தபின் தம் சொந்த வாடியில் வேலையின்றி இரண்டு நாள் ஒன்றாக இருப்பது அரிது. தந்தை எந்த மடையிலிருந்து நீர் திருப்புகின்றார், பாட்டனார் எந்த மேட்டில் இருந்து காவல் காத்தார் என்பதைப் பிள்ளைகள் அறிய அதுவே தருணம். பின்னர் எவரும் கட்டணம் கொடுத்து வராவிடினும், திருத்திய வாடியும் கட்டிய கிணறும் சோதித்த நீரும் அக்குடும்பத்துக்கே பயன்படும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

பயிர் முதல், விருந்தினர் அடுத்து.
யானை வரும் இடம், கட்டில்லாக் கிணறு, பூட்டாத நஞ்சு ஆகியவற்றுள் ஒன்றிருப்பினும் விருந்தினரை ஏற்கற்க.
கடன்படற்க; இல்லத்தரசியின் கூலியைக் கணக்கிற் சேர்த்திடுக.
நெற்காணியிற் கட்டிடம் எழுப்பற்க.
முதலில் உங்கள் குடும்பம் தங்கிப் பார்க்கட்டும்.

மேலதிக விபரங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.